பவுன்தாயியின் பின்னால் வந்த கட்டில்

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் சங்கிலிப்பட்டியில் நேற்று நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். கல்யாண வீட்டில் அதைச் சொல்லாமல் வந்தால் குற்றம், விருந்து வீட்டில் வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வர வேண்டும், இழவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். மார்பில் வந்த கட்டியை அறுத்து எடுத்து, ஊசி மருந்து ஏற்றி, கதிர்வீச்சுக் கரண்டு வைத்து, தலையில் ஒரு முடி இல்லாமல் எலும்பும் தோலுமாக ஆகி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் பெரியாஸ்பத்திரியின் பதினோராம் நம்பர் கட்டிலில் கிடந்து, கடைசியில் "வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்ன சந்தோஷத்தில் பவுன்தாயி அதை மறந்துவிட்டாள். வார்டு வாசலில் நின்ற எஸ்தர் சிஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாரேன் சிஸ்டர்" என்று வாய் நிறையச் சொன்னாள். பக்கத்தில் பையோடு நின்ற அவள் புருஷன் செல்லாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான். சொன்னது சொன்னதுதான்.

செல்லாண்டி, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்பின் டிரைவர். அந்த ஜீப்பிலேயே அவளை உட்காரவைத்து, குழி மேடு பார்த்து, மாட்டுவண்டி வேகத்தில் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தான். தெருவே வாசலில் நின்றது. அடுத்த வீட்டு ஒச்சம்மாள் ஆலத்தித் தட்டோடு முன்னால் நின்றாள். அவள் பவுன்தாயிக்கு மதினி முறை. திருப்பூரில் இருக்கிற மகன் எத்தனை தடவை கூப்பிட்டும் போகாமல், இங்கேயே தனியாக இருந்துகொண்டு தெரு மொத்தத்தையும் ஏசிப் பொழுதுபோக்குகிறவள். அவள் தட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் மாவுமில் திருப்பத்தில் கிரீச் கிரீச்சென்று சத்தம் கேட்டது. வெள்ளைப் பெயின்ட் உதிர்ந்து, தலைமாட்டுத் தகட்டில் பதினொன்று என்று எழுதிய இரும்புக் கட்டில் ஒன்று, தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் ஆளில்லாமல், சக்கரமெல்லாம் சேறும் ஒரு காலில் கருவேல முள்ளுமாக, மலையடிவாரம் சுற்றி அத்தனை தூரம் வந்த களைப்போடு தெருவுக்குள் நுழைந்து, ஜீப்பைத் தாண்டி வந்து, பசுவின் பின்னால் கன்று நிற்பதுபோல் பவுன்தாயியின் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஒச்சம்மாள் அதை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அதற்கும் சேர்த்துத் தட்டைச் சுற்றினாள்.

"சுத்துறதோட சுத்திட்டேன். ஆனா இத வீட்டுக்குள்ள விட்டுறாத பவுனு, வாசப்படி பேந்துரும்" என்றாள்.

கட்டில் எப்படி வந்தது என்று ஆராய எங்கள் தெருவில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. வாய்தவறி ஒரு வார்த்தை சொன்னாள், அது வந்துவிட்டது, அவ்வளவுதான். அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் எங்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. குழாயடியில் நின்றால் குடம் வைக்க இடமில்லை என்று ஒரு கட்சி, சந்து முனையில் நின்றால் பால்வண்டி திரும்ப முடியாது என்று இன்னொரு கட்சி. வார்டு கவுன்சிலர் வந்து இரு கட்சிக்கும் தலையாட்டிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வேன் போட்டு ஆட்கள் வந்தார்கள். நல்ல மனுஷர்கள், குறை சொல்லக் கூடாது, டீ குடித்துவிட்டுக் கட்டிலைக் கயிறு போட்டுக் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் விடிந்து பவுன்தாயி வாசல் தெளிக்க வந்தபோது, கயிறு காலில் தொங்கிக்கொண்டிருக்க, கட்டில் பழைய இடத்தில் நின்றது. திரும்பவும் வந்தார்கள், திரும்பவும் கட்டினார்கள், திரும்பவும் அது வந்து நின்றது. கடைசியில் அவர்களே, "அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்மா, எங்களுக்கு டீசல் கட்டுபடியாகல" என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பவுன்தாயி போகிற இடமெல்லாம் கட்டிலும் போனது. அவள் ரேஷன் கடைக்குப் போனால் கட்டில் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றது. கட்டிலுக்குப் பின்னால் நிற்பவர்கள் முன்னே தள்ளிப் பார்த்துவிட்டு, அது நகராததால் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அது பஸ்ஸில் ஏற முடியாது, அதனால் அவளும் பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டு, ஏலக்காய் சேர்த்துவைத்துத் தரம் பொறுக்குகிற கிட்டங்கிக்குக் காலையும் மாலையும் நடந்தே போய்வந்தாள். நடந்து நடந்து அவள் காலில் சதை பிடித்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிட்டங்கிப் பெண்கள் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, ஒருத்தி தூக்குவாளியில் இன்னொருத்தி கைவிட்டுச் சாப்பிட்டார்கள். காளியம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி தூக்கிப் போன வரிசையில் அவளுக்குப் பின்னால் கட்டிலும் போனது, இளவட்டங்கள் அதற்குக் கலர்க் காகிதம் ஒட்டினார்கள், பூசாரி பதினொன்று என்ற எண்ணின் மேல் மூன்று விரலால் விபூதி இழுத்தார். வெளியூரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை மட்டும் இது என்ன கூத்து என்று கேட்டான். ஒரு கட்டிலைக்கூடப் பார்த்ததில்லையா உங்கள் ஊரில் என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம்.

தெருப் பெண்கள் அதில் வற்றல் காயவைக்க ஆரம்பித்ததுதான் பெரிய விசேஷம். நாய் ஏறாத உயரம், கோழி கொத்தாத உயரம், நாள் முழுக்க நல்ல வெயில். ஒச்சம்மாள்தான் முதலில் வேட்டியை விரித்துக் கூழ்வற்றல் ஊற்றினாள். பவுன்தாயி உப்பு வாங்கக் கடைக்குக் கிளம்பினாள், கட்டிலும் கிளம்பியது, ஒச்சம்மாளின் வற்றல் தெருத் தெருவாக ஊர்வலம் போய், பாதி உதிர்ந்து, மீதி மண்ணோடு திரும்பி வந்தது. அன்று ஒச்சம்மாள் ஏசிய ஏச்சை எழுத முடியாது. அதிலிருந்து, காலையில் மாவைக் கிண்டுவதற்கு முன்னால் எல்லாப் பெண்களும் பவுன்தாயியின் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"பவுனு, இன்னைக்கு எங்கயும் போறியா? எப்பத் திரும்புவ? வெயில் தாழ்ந்து போனா ஆகாதா?"

இதில் ஒன்று தானாக நடந்தது. அவள் வந்த புதிதில் எல்லோரும் அவள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு "இப்ப எப்பிடி இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவள் பாதி செத்துப்போயிருந்தாள். இப்போது எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று, சுகமாக இருக்கிற பெண்பிள்ளையைக் கேட்கிறமாதிரி கேட்டார்கள். அவளும் சலித்துக்கொண்டாள், சில நாள் வேண்டுமென்றே சுற்றுவழியில் போய் வற்றலுக்கு ஊர் காட்டினாள். முடி வளர்ந்தது, முன்பு கோரையாக இருந்தது இப்போது சுருட்டையாக வந்தது. எங்களுக்கு அவள் தேறிவிட்டாள் என்றே தோன்றியது.

ஆனால் கட்டில்மேல் பவுன்தாயி ஒருத்தி மட்டும் உட்காரவில்லை. உட்காராதது மட்டுமில்லை, ஒரு விரல்கூடப் படாமல் பார்த்துக்கொண்டாள். குனிந்து கூட்டும்போது முதுகு அந்தப் பக்கம் போய்விடாமல் சுவரை ஒட்டிக் குனிவாள். வீட்டுக்குள் எங்கே இருந்தாலும் ஜன்னல் வழியாக அதன் தலைமாடு தெரிந்தது என்று ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டினாள். அப்புறம், நிற்கிறதா நகர்ந்ததா என்று தெரியவில்லையே என்று சாக்கை அவிழ்த்தாள். ஒருநாள் மொச்சை உரித்துக்கொண்டிருக்கும்போது ஒச்சம்மாளிடம் சொன்னாள்.

"அது எனக்காகத்தான் நிக்கிது மதினி. நீங்க எல்லாரும் ஒக்காருங்க, ஒண்ணும் செய்யாது. எம் முதுகு பட்டுச்சுன்னா விடாது. அதுல நான் இன்னொரு தடவ படுத்தா எந்திரிக்க மாட்டேன்."

"ஆமா, இரும்புக்கு ஒம்மேல அம்புட்டு ஆச" என்றாள் ஒச்சம்மாள். "பேசாம உரி. பாதிக்குப் பாதி சொத்தைய அள்ளிப் போடுற."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும், நோய் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும், சீக்கிரம் பார்த்தால் சீக்கிரம் மடக்கிவிடலாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதல் தடவை அந்த நாள் வந்தபோது செல்லாண்டி ஜீப்பைத் துடைத்து வாசலில் நிறுத்தினான். பவுன்தாயி அடுப்பைப் பற்றவைத்து, பண்டிகையும் இல்லாமல் விருந்தாளியும் இல்லாமல் பணியாரம் சுட உட்கார்ந்துவிட்டாள்.

"பவுனு, போயி ஒரு எட்டுக் காட்டிட்டு வந்துருவோம்."

"நானாப் போயி அந்த வாசல்ல நிக்க மாட்டேன் மாமா. இருக்கோ இல்லையோ, தெரியாமயே இருந்துட்டுப் போறேன். இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாங்கன்னா, இந்தா வாசல்ல கட்டிலு ரெடியா நிக்கிது பாரு."

செல்லாண்டி பணியாரத்தைத் தின்றான். அடுத்த தடவையும் அந்த நாள் வந்தது, அவள் ஒட்டடை அடித்தாள். அவன் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டான், கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு அழுதான் என்று ஜீப்பில் இருந்தவர்கள் வந்து சொன்னார்கள். நாங்கள் போய் அவளுக்குத் தைரியம் சொன்னோம். தைரியம் சொல்வதில் எங்கள் தெருவை மிஞ்ச ஆளில்லை. ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிட்டது, நினைப்புத்தான் நோய் என்றெல்லாம் சொன்னோம், அவள் காபி போட்டுக் கொடுத்து எங்களை அனுப்பிவைத்தாள். நோய் அவள் உடம்பில் திரும்பி வளர்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமல் மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. கட்டில் வாசலில் நின்றது.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் கொட்டி, ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓடுகிற ஆற்றின் தரைப்பாலம் முழுகிப்போனது. ஐந்தாம் நாள் மதியம் மழை கொஞ்சம் விட்டபோது, ஒச்சம்மாள் ஈரச் சேலைகளைக் கட்டிலில் விரிக்க வந்தாள். ஒரு சேலையை விரித்தாள், இன்னொன்றை உதறினாள், "ஆத்தாடி" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கட்டிலில் சாய்ந்தாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது, இடது கையைத் தூக்க முடியவில்லை. ஏசுகிற வாய் ஏசாமல் கிடந்ததைப் பார்த்ததும் எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறோம், தண்ணீருக்குள் வண்டி இறங்காது, நோயாளியைத் தூக்காமல், நடக்கவிடாமல், ஆட்டாமல் படுக்கவைத்தபடியே கொண்டுவாருங்கள் என்றார்கள்.

ஆம்பளைகள் நாலு பேர் கட்டிலைத் தள்ளினார்கள். எட்டுப் பேர் தள்ளினார்கள். அது வேர்விட்டது மாதிரி நின்றது. யார் நடந்தால் அது நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருத்தருக்கும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. பவுன்தாயி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தெருவிலிருந்து அந்தப் பக்கம் போனால் ஆறு, ஆற்றைத் தாண்டினால் ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் போனால் அந்த ஆஸ்பத்திரி வாசல்.

"பவுனு" என்றாள் ஒச்சம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "பயமாருக்குடி."

அவ்வளவு காலத்தில் ஒச்சம்மாள் பயமாக இருக்கிறது என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. பவுன்தாயி சேலையை வரிந்து கட்டினாள், யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்தாள். கட்டில் கிளம்பியது. அவள் மேடு பார்த்து நடந்தாள், குழி பார்த்து ஒதுங்கினாள், அவள் அடி வைத்த இடத்திலெல்லாம் சக்கரம் வைத்து அது வந்தது, இரண்டு பக்கமும் குடை பிடித்துக்கொண்டு நாங்கள் போனோம். ஆற்றில் இறங்கியபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது, இழுப்பு கூடியது, நட்டாற்றில் கட்டில் ஒருபக்கமாகச் சரியப் பார்த்தது. செல்லாண்டி கத்தினான். பவுன்தாயி சட்டென்று திரும்பி, இத்தனை காலம் விரல் படாமல் வைத்திருந்த கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். அது சில்லென்று இருக்கும் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தாளாம். ஆற்றுத் தண்ணீரைவிட அது கதகதப்பாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். பின்னோக்கியே நடந்து, இழுத்துக்கொண்டே கரையேறினாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஒச்சம்மாளைத் தங்கள் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். பவுன்தாயி அங்கேயே நின்றுகொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஒச்சம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. விடுங்கம்மா என்று அவர்கள் சொன்னதற்கு அவர்களை ஒரு கெட்டவார்த்தை வேறு ஏசினாள். அந்த ஏச்சைக் கேட்டதும் எங்களுக்குப் பாதி உயிர் வந்தது. பவுன்தாயி ஏறினாள், கதவைச் சாத்தினார்கள், ஆம்புலன்ஸ் போனது, அதன் பின்னால் ஈரம் சொட்டச் சொட்டக் கட்டிலும் போனது.

ஒச்சம்மாளுக்கு வந்தது மாரடைப்புத்தான். நேரத்துக்குக் கொண்டுவந்ததால் பிழைத்தாள். அவளை உள்ளே கொண்டுபோன பிறகு பவுன்தாயி வராந்தாவில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தவர் நின்று பார்த்தார். சுருட்டை முடியைப் பார்த்து முதலில் அடையாளம் தெரியவில்லை.

"பவுன்தாயியா? ஏம்மா, ரெண்டு தடவ வரலையே நீ."

"பயம் சிஸ்டர்."

"யாருக்குத்தான் பயமில்ல?" என்றார் சிஸ்டர். அதற்கு மேல் திட்டவுமில்லை, தைரியம் சொல்லவுமில்லை. முதலில் உடுத்திக்கொள்ளக் காய்ந்த துணி கொடுத்தார், டீ வாங்கிக் கொடுத்தார், பிறகு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், அறுத்த இடத்தை டாக்டர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பவுன்தாயி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் முழுவதும் ஒச்சம்மாளின் பக்கத்தில் இருந்து, கஞ்சி ஊட்டி, ஏச்சு வாங்கினாள். அதற்கடுத்த நாள் காலையில் டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு. அடுத்த தடவ ஒழுங்கா வந்துடணும்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஒச்சம்மாளிடம் போய்ச் சொன்னாள்.

"ஒனக்கு ஒண்ணுமில்லேன்னு நான் அப்பவே சொல்லலயா?" என்று ஒச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போ, போயி வீட்டுல ஒறங்கு. நீ இங்க கொட்டாவி விடுறதப் பாத்தா எனக்கு மாருவலி திரும்ப வந்துரும்."

ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் வேப்பமரத்தடியில் கட்டில் நின்றது. மழை ஓய்ந்து நல்ல வெயில் அடித்தது. பவுன்தாயி அதைப் பார்த்தாள். இரண்டு நாளாக அவள் கண் மூடவில்லை, கால் இரண்டும் வீங்கியிருந்தன, அந்த நிறுத்தத்தில் உட்கார வேறு இடமும் கிடையாது. அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு காலைத் தூக்கி மேலே வைத்தாள். வைத்த பிறகு மெல்லச் சாய்ந்தாள். பயம் இருந்தது, இல்லையென்று அவளும் சொல்லவில்லை. ஆனால் உறக்கம் பயத்தைவிடப் பெரிதாக வந்தது. பஸ்களும் ஆட்டோக்களும் ஹாரன் அடிக்க, கடலை வண்டிக்காரன் சட்டியைத் தட்ட, நடு ரோட்டோரத்தில் வாய் பிளந்து அப்படி ஓர் உறக்கம் உறங்கினாள்.

"யக்கா... யக்கா, கொஞ்சம் எந்திரிச்சு எடங் குடுங்களேன். நிக்க முடியல."

நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பவுன்தாயி விருட்டென்று எழுந்தாள். "வா தாயி, நல்லா சாஞ்சு ஒக்காரு" என்று அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள், பையை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், தன் சேலையை உதறிக் கட்டினாள், சுருட்டை முடியை அள்ளி முடிந்தாள், வருகிற பஸ் எந்த ஊருக்கு என்று கையைக் கண்ணுக்குமேல் வைத்துப் பார்த்தாள். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. நின்ற இடத்திலேயே பெரிய குரலெடுத்து அழ ஆரம்பித்தாள்.

வந்தது எங்கள் ஊர் பஸ். தண்ணீர் வடிந்து, அன்றுதான் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. ஒச்சம்மாளைப் பார்க்க ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக நாங்கள் அதிலிருந்து இறங்கினோம். முதலில் இறங்கியது செல்லாண்டி. அவள் அழுவதைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"என்ன பவுனு? மதினிக்கா? ஒனக்கா? டாக்டரு என்ன சொன்னாரு?"

அவள் கையால் கட்டிலைக் காட்டினாள். அழுகையோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

"படுத்தேன் மாமா. ஒறங்கிட்டேன். அந்தப் பிள்ள கூப்புட்டுச்சு, எந்திரிச்சிட்டேன்."

எங்களில் சிலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்லாண்டிக்கு விளங்கியது. அவன் அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பக்கத்தில் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பவுன்தாயி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள்.

"நீங்க எல்லாரும் போயி மதினியப் பாருங்க, மொகம் சுளிச்சாக் கண்டுக்காதீங்க. எனக்குப் பசிக்கிது" என்று சொல்லிவிட்டு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பஸ் படியில் காலை வைத்து ஏறி, ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலையே பார்த்தபடி நின்றோம். அதன்மேல் அந்தப் பெண் காலை நீட்டிக்கொண்டிருந்தாள், செல்லாண்டி அழுதுகொண்டிருந்தான், கீரைக்கட்டோடு வந்த ஒருத்தி அவனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள், சக்கரம் நான்கும் இருந்த இடத்திலேயே இருந்தன.